கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் வீட்டு வரி

ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் என் கையில் அதிகம் புழங்கியது கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடுதான். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு என்ன வரி, யார் கட்டினார்கள், யாருக்கு எத்தனை வருட பாக்கி என்பதெல்லாம் அந்த நீளப் பதிவேட்டில் இருக்கும். அதில் ஒரு விஷயம் வேலையில் இருந்தபோதும் என்னை உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் சொத்துகளில் விலை கூடியவை எவையோ, அவைதான் அந்தப் பதிவேட்டில் மிகச் சிறிய தொகையாக இருக்கும். அல்லது இருக்கவே இருக்காது. துணை மின் நிலையம், உயர் அழுத்த மின் கோபுரங்கள், எரிவாயுக் குழாய், ரயில் பாதை, கைப்பேசிக் கோபுரம் எல்லாம் இந்த வகை. பொதுச் சேவை நிறுவனங்களின் சொத்துகள் இவை. வரிக்காக இவற்றின் மதிப்பை நிர்ணயிப்பது யார், அந்த நிர்ணயம் சரியா என்று பார்ப்பது யார் என்று கேட்டால், நம் கிராமப்புற வரி முறையில் பதில் கிடையாது.

ஊராட்சி போடுவது வீட்டு வரி. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம்தான் அடிப்படை. அதன் கீழ் 1999இல் வந்த வரி விதிப்பு, வசூல் விதிகள்தான் எங்களுக்கு அன்றாடக் கையேடு. மனிதர் புழங்கத் தக்க கட்டிடம் அல்லது குடிசை, பொது வழியிலிருந்து தனி வாசல் உள்ளது எதுவும் சட்டப்படி வீடு. கடை, பட்டறை, கிடங்கு, பேருந்துகளை நிறுத்தி வைக்கும் கட்டிடம் ஆகியவையும் அதில் சேரும். கூரை எந்த வகை, பரப்பு எத்தனை சதுர அடி என்று பார்த்து, அரசு வகுத்த கீழ் வரம்புக்கும் மேல் வரம்புக்கும் நடுவே வரி விழும். அதன் மேல் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. குடியிருக்கும் வீட்டுக்கு இது நல்ல முறை என்றே சொல்வேன். வேண்டியவருக்குக் குறைத்தும் வேண்டாதவருக்குக் கூட்டியும் போட இதில் அதிக இடம் கிடையாது. அளவு நாடாவைப் பிடித்து இழுத்தால் வருவதுதான் கணக்கு.

ஒரு அக்டோபர் 2 கிராம சபையில் இந்த முறையின் ஓட்டை எல்லோர் முன்னாலும் வெளிப்பட்டது. வரி சீராய்வுக்காக வீடு வீடாக அளந்து முடித்திருந்த நேரம். கூட்டம் முடியப் போகும்போது ஓட்டு வீட்டுப் பாட்டி ஒருவர் எழுந்தார். "தம்பி, என் வீட்டில் திண்ணையைக்கூட விடாமல் அளந்தாய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் புளியந்தோப்பை எடுத்து வேலி போட்டுக் கரண்டு நிலையம் வைத்திருக்கிறார்களே, அங்கே போய் அளந்தாயா?" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். "அடுத்த வாரம் அளக்கிறோம் பாட்டி" என்று தலைவர் சொல்ல, அதையே தீர்மானமாகவும் எழுதினேன்.

அளக்கவும் போனோம். அங்கிருந்த உதவிப் பொறியாளர் மரியாதையான இளைஞர். வாசலிலேயே என் கையிலிருந்த இரும்பு நாடாவை வாங்கிக் காவலரிடம் கொடுத்துவிட்டு, "ஐயா, மின்சாரம் ஓடும் இடத்துக்குள் உலோக நாடா கொண்டு வரக் கூடாது, உயிருக்கு ஆபத்து" என்று சொல்லி, நிலையத்தில் வைத்திருந்த நார் நாடாவைக் கொடுத்தார். உள்ளே கால் வைத்தால் தரை முழுக்கக் கருங்கல் ஜல்லி. வேலியை ஒட்டி மண்டை ஓடு போட்ட பலகை. நடுவில் மின்மாற்றி ஓயாமல் உறுமிக்கொண்டு நின்றது. அதன் பக்கம் போக வேண்டாம் என்று கையைப் பிடித்தே அழைத்துப் போனார். அந்த இயந்திரம் ஒன்றே கோடி ரூபாய்க்கு மேல் பெறும் என்று அவரே சொன்னார். நாங்கள் அளந்தது கட்டுப்பாட்டு அறை, காவலர் அறை, கழிப்பறை. அவ்வளவுதான். மின்மாற்றியை நான் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தவர், "அது வீடு இல்லையே ஐயா" என்றார். சட்டத்தை அவர் சரியாகவே படித்திருந்தார். அதற்குக் கூரை இல்லை, வாசல் இல்லை, உள்ளே மனிதர் புழங்க முடியாது.

அலுவலகம் திரும்பிக் கணக்குப் போட்டபோது, அந்த நிலையம் முழுவதற்கும் விழுந்த வரி எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு விழுந்த வரியைவிடக் குறைவு. பாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வது? அந்த நிறுவனம் எதையும் மறைக்கவில்லை, பொறியாளர் தடுக்கவில்லை, நானும் விதிப்படிதான் அளந்தேன். எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்ட பிறகும் இப்படி ஒரு முடிவு வருகிறது என்றால், பழுது சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது.

இதே ஊராட்சி மாதா மாதம் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கிராம ஊராட்சியின் இரண்டாம் எண் வங்கிக் கணக்கு எதற்கென்று வெளியில் பலருக்குத் தெரியாது. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் ஆகியவற்றின் மின் கட்டணமும், குடிநீர் வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய கட்டணமும் போவதற்கென்றே உள்ள கணக்கு அது. மாநில நிதிக்குழு மானியத்தில் ஒரு பங்கு முதலில் அங்கே போய் உட்காரும். மிச்சத்தில்தான் சாக்கடை தூர்வாருவது, குப்பை அள்ளுவது, விளக்கு மாற்றுவது எல்லாம். ஊராட்சி மின்சாரத்துக்கு யூனிட் தவறாமல் பணம் கட்டுகிறது. மின்சாரம் வந்து இறங்கும் நிலையம் ஊராட்சிக்கு மூன்று அறைகளின் வரியைக் கட்டுகிறது. நிலையத்துக்குக் கனரக லாரிகள் வந்து போகும் சாலை பெயர்ந்தால் அதைப் போட வேண்டியதும் அந்த மிச்சப் பணத்தில்தான்.

பொதுச் சேவை நிறுவனங்கள் மீது எனக்குக் காழ்ப்பு எதுவும் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்திருந்தால் தெரியும். ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு. பல் பழுத்து, எலும்பு வளைந்து, நாற்பது வயதில் கோல் ஊன்றியவர்களை நான் அறிவேன். ஜப்பான் கடனுதவியில், தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்குமாக அமைந்து 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் நீரைக் குடித்துத்தான் என் பேத்தி வளர்கிறாள். மின்சாரமும் குழாயும் ரயிலும் ஊருக்கு வேண்டும். அவை நம் சொத்துகள். நம் சொத்து என்பதாலேயே, அவற்றின் மதிப்பை நேர்மையாகக் கணக்கிட்டு, அவை அமர்ந்திருக்கும் ஊருக்கு உரிய பங்கைக் கொடுப்பது நம் பொறுப்பு என்கிறேன்.

மின்மாற்றிக்கும் கோபுரத்துக்கும் மதிப்புப் போடுவது ஊராட்சிச் செயலரால் ஆகிற காரியமா என்று கேட்பார்கள். ஆகாது. ஆனால் அந்த மதிப்பை வேறொருவர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார். இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் கொண்டு போகும் பாதைகளுக்கு எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று முடிவு செய்வது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1998இல் அமைக்கப்பட்டது, இப்போது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின்படி இயங்குகிறது. ஒரு மின் பாதைக்கு அது பிறப்பிக்கும் கட்டண ஆணையை எடுத்துப் பாருங்கள். பாதையின் பெயர், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை, எந்தத் தேதியில் பயன்பாட்டுக்கு வந்தது, அன்று அதன் மூலதனச் செலவு எத்தனை லட்சம், பிறகு கூடுதலாகச் சேர்ந்தது எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு, கடன் வட்டி எவ்வளவு, பங்கு மூலதனத்துக்கு எத்தனை சதவீத வருமானம் என்று வரி வரியாக இருக்கும். 2019 முதல் 2024 வரையிலான காலத்துக்கு மின் தொடரமைப்புச் சொத்துகளின், அதாவது மின்சாரத்தைக் கொண்டு செல்லும் பாதைகள், நிலையங்களின் பங்கு மூலதனத்துக்கு அந்த ஆணையம் வகுத்த அடிப்படை வருமான விகிதம் 15.5 சதவீதம். நிறுவனம் சொல்லும் செலவை ஆணையம் அப்படியே ஏற்பதும் இல்லை. இது கூடுதல், இதற்குக் கணக்கு இல்லை என்று வெட்டிக் குறைத்த பிறகுதான் அனுமதிக்கும். போட்டி ஏலத்தில் கட்டப்படும் பாதைகளுக்கு மட்டும் கணக்கு வேறு வகையில் போகும். மாநிலத்துக்குள் இதே வேலையை 1999இல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் செய்கிறது.

அரசு அமைத்த ஒரு ஆணையம் கணக்கர்களையும் பொறியாளர்களையும் வைத்து அலசி ஒரு சொத்தின் மதிப்பை லட்சம் வரை துல்லியமாகச் சொல்கிறது. அந்த மதிப்பின் மீது நிறுவனத்துக்கு வருமானம் கிடைக்கிறது. அதே சொத்து ஊராட்சிப் பதிவேட்டுக்கு வரும்போது கட்டுப்பாட்டு அறையின் சதுர அடியாகச் சுருங்கிவிடுகிறது. கட்டணம் கேட்க ஒரு மதிப்பு, வரி கட்ட ஒரு மதிப்பு என்று ஒரே பொருளுக்கு இரண்டு கணக்கை அரசே அனுமதிக்கலாமா? இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் அதிகாரி யாரும் நம் மாநிலத்தில் இல்லை. நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

எங்கள் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல. மத்திய அரசின் மின் தொடரமைப்புத் திட்ட ஆவணங்களில் தர்மபுரி என்ற பெயரிலேயே 765 கிலோவோல்ட் நிலையம் இருக்கிறது. ஓசூருக்கு 400 கிலோவோல்ட். பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவே நாம் உட்கார்ந்திருப்பதால் எல்லாப் பாதையும் நம் கொல்லை வழியாகத்தான் போகிறது. ராகிக் கொல்லையிலும் மாந்தோப்பிலும் கால் ஊன்றி நிற்கும் கோபுரங்களுக்கு விவசாயிக்கு இழப்பீடு எவ்வளவு என்பதற்காவது வழிகாட்டுதல் இருக்கிறது. 2015இல் மத்திய மின் அமைச்சகம் கோபுர அடிப்பரப்புக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அதை 200 சதவீதமாக உயர்த்தியது. கம்பி போகும் வழித்தடத்துக்கு 15 சதவீதமாக இருந்த உச்ச வரம்பு 30 சதவீதம் ஆனது. விவசாயிகள் போராடிப் பெற்ற உயர்வு அது. அதுவும் ஒரு முறை கொடுப்பது. ஊராட்சிக்கு ஆண்டுதோறும் என்ன கிடைக்க வேண்டும் என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. எரிவாயுக் குழாயும் அப்படித்தான். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு வரும் குழாய்ப் பாதை நம் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து ஏழு மாவட்டங்களின் வயல்களில் திட்டமிடப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல் முடிந்தது. நிலத்துக்கு அடியில் ஓடும் குழாய்க்குப் பதிவேட்டில் பக்கமே இல்லை.

மின் பாதையை ஊர் ஊராக மதிப்பிட முடியாது என்பதும் உண்மை. எங்கள் ஊராட்சி எல்லைக்குள் நிற்கும் கோபுரங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் பழைய இரும்பு விலைதான். மாட்டுச் சந்தையில் முன்னங்காலுக்கு மட்டும் விலை கேட்க முடியாது. பாதை முழுவதும் ஒன்றாக ஓடும்போதுதான் அதற்கு மதிப்பு. அமெரிக்காவில் இந்தச் சிக்கல் 19ஆம் நூற்றாண்டிலேயே ரயில் நிறுவனங்கள் விஷயத்தில் வந்தது. ரயில் பாதை முழுவதையும் ஒரே சொத்தாக மதிப்பிட்டு, அந்த மதிப்பைப் பாதையின் நீளத்தைப் பார்த்து ஊர்களுக்குப் பிரிப்பது செல்லும் என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1870களிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு வாரியம் 1879ஆம் ஆண்டின் அவர்களது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கவுண்டிகளில், அதாவது நம் மாவட்டங்களைப் போன்ற பிரிவுகளில் ஓடும் ரயில் பாதைகளை மதிப்பிடுவது அதன் தொடக்கக் கால வேலை. இன்று மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, ரயில் நிறுவனங்களின் சொத்துகளையும், கவுண்டி எல்லை தாண்டும் குழாய்களையும் ஆண்டுதோறும் அந்த வாரியமே மதிப்பிடுகிறது. ஐந்து உறுப்பினர்கள், நான்கு பேர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள், ஐந்தாமவர் மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர். 1978இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பால் சாதாரண வீடுகளின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று வரம்பு வந்தது. ஆனால் வாரியம் மதிப்பிடும் நிறுவனச் சொத்துகளுக்கு அந்த வரம்பு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் சந்தை மதிப்புத்தான். நிறுவனத்துக்கு மதிப்பு அதிகம் என்று தோன்றினால் வாரியத்திடம் மறு மதிப்பீடு கேட்கலாம். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2017இல் அந்த வாரியத்தின் நிர்வாகம் பற்றிக் குற்றச்சாட்டுகள் எழுந்து, அதன் பல அதிகாரங்களைச் சட்டமன்றம் பிடுங்கி வேறு துறைக்குக் கொடுத்தது. ஆனால் இந்த மதிப்பீட்டு வேலையை மட்டும் அரசியலமைப்பு காப்பாற்றி வாரியத்திடமே விட்டிருக்கிறது.

நம்மிடம் அப்படி ஒன்றுக்கு விதை போடப்படாமல் இல்லை. மத்திய அளவில் அமைக்கப்பட்ட 13ஆவது நிதிக்குழு, மானியத்துக்கான நிபந்தனைகளில் ஒன்றாக மாநில அளவில் சொத்து வரி வாரியம் அமைக்கச் சொன்னது. 15ஆவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும் என்றது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி உயர்ந்ததற்குப் பின்னணி அது. இரண்டுமே நகராட்சி, மாநகராட்சிகளைக் குறிவைத்தவை. தர்மபுரி நகரத்தில் வீடு வைத்திருப்பவரின் வரியைச் சீராய்வு செய்ய டெல்லி வரை அக்கறை இருக்கிறது. மின் கோபுரங்களும் நிலையங்களும் பெரும்பாலும் நிற்பது நிலம் மலிவாகக் கிடைக்கும் கிராம ஊராட்சிகளில். தர்மபுரி மாவட்டத்தில் மட்டும் 251 கிராம ஊராட்சிகள். அங்கே மதிப்பீட்டாளர் என்றால் கையில் நாடாவோடு நிற்கும் செயலர் ஒருவர்தான்.

ஒன்றிய அரசின் சொத்துக்கு வரி விதிக்க முடியாதே என்ற கேள்வி உடனே வரும். பாதி உண்மை. அரசியலமைப்பின் 285ஆவது பிரிவுப்படி, நாடாளுமன்றம் வேறு விதமாகச் சட்டம் இயற்றினாலன்றி, ஒன்றியத்தின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போட முடியாது. ரயில்வேக்கு 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 184ஆவது பிரிவும் சேர்ந்து காவல். பொம்மிடி, மொரப்பூர் வழியாக ஓடும் சேலம் ஜோலார்பேட்டை பாதைக்கு உள்ளாட்சி வரி கேட்க முடியாதது இதனால்தான். ஆனால் சேவைக் கட்டணம் என்று ஒன்று உண்டு. ராஜ்கோட் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒன்றிய அரசு ஒப்புக்கொண்ட கணக்கு இது: உள்ளாட்சியின் எல்லாச் சேவைகளையும் பெறும் ஒன்றிய அரசுச் சொத்துக்குச் சொத்து வரியில் 75 சதவீதம், ஓரளவு பெற்றால் 50 சதவீதம், எதுவும் பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. வழக்குப் போட்டது மாநகராட்சி என்பதால் பலன் பேச்சும் மாநகராட்சியோடு நின்றுவிடுகிறது.

நிறுவனமாகப் பதிவான பிறகு கதை வேறு. இந்திய உணவுக் கழகம் தொடர்பான வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது. அரசே முழு உரிமையாளராக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் கழகம் தனி ஆள். அதன் சொத்து ஒன்றியத்தின் சொத்து ஆகாது. 285ஆவது பிரிவின் நிழலில் ஒதுங்க முடியாது. அரசு தன் துறைகளை நிறுவனங்களாக மாற்றும்போது இந்த விலக்கும் கழன்று விழுகிறது. 2000 அக்டோபர் 1 அன்று தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனமானது. 2010 நவம்பர் 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியம் உற்பத்தி, பகிர்மானத்துக்கு ஒன்று, மின் தொடரமைப்புக்கு ஒன்று என்று நிறுவனங்களாகப் பிரிந்தது. இந்த மாற்றங்களால் உங்கள் பதிவேட்டில் என்ன மாற வேண்டும் என்று எந்த ஊராட்சிக்காவது சுற்றறிக்கை வந்ததா? என் கைக்கு வரவில்லை.

கைப்பேசிக் கோபுரத்தில்தான் இப்போது புதுச் சண்டை. என் தங்கை மகனும் ஊராட்சிச் செயலர்தான். அவன் அனுப்பிய வரி அறிவிப்புக்கு ஒரு கோபுர நிறுவனத்திலிருந்து வழக்கறிஞர் கடிதம் வந்திருக்கிறது. "மாமா, 2023 தொலைத்தொடர்புச் சட்டம் 14ஆம் பிரிவு என்கிறார்கள், வரியே கேட்கக் கூடாதாமே?" என்று போனில் பதறினான். அந்தப் பிரிவு 2024 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது உண்மை. ஒரு சொத்தின் மேல் நிறுவப்பட்ட தொலைத்தொடர்பு வலையமைப்பை, சொத்து வரி உள்ளிட்டவற்றுக்காக அந்தச் சொத்தின் பகுதியாகக் கருதக் கூடாது என்கிறது. இன்னொரு பக்கம், 2016 டிசம்பரில் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில், கைப்பேசிக் கோபுரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியல் 49ஆம் இனத்தில் வரும் கட்டிடத்துக்குள் அடங்கும், அதற்கு வரி விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்தவர் வீட்டு மாடியில் நிற்கும் கோபுரத்தை அந்த வீட்டின் வரியில் சேர்க்காதே என்பது வேறு, கோபுரத்துக்கே தனியாக வரி போடாதே என்பது வேறு என்பது என் வாதம். 14ஆம் பிரிவை நான் முதல் பொருளில்தான் படிக்கிறேன். நீதிமன்றங்கள் எப்படிப் படிக்கும் என்பது இனிமேல்தான் தெரியும். ஆனால் ஒன்றைப் பாருங்கள். அந்த நிறுவனத்துக்கு நகரத்து வழக்கறிஞர் இருக்கிறார். எங்கள் பையனுக்கு நான் இருக்கிறேன். இப்படிப்பட்ட கேள்விக்கு ஊராட்சி ஊராட்சியாகப் பதில் எழுதச் சொல்வது அநியாயம். மாநில அளவில் ஒரு மதிப்பீட்டு அமைப்பு இருந்தால் ஒரே பதிலை, நல்ல வழக்கறிஞரைக் கொண்டு, எல்லோருக்குமாக எழுதும்.

மேற்பார்வை இரண்டு பக்கத்துக்கும் வேண்டும் என்பதையும் விட்டுவிடக் கூடாது. சூரிய மின் பூங்கா அமைக்க வந்த ஒரு சிறு நிறுவனத்திடம் எந்த விதியும் காட்டாமல் வாய்க்கு வந்த தொகையைக் கேட்ட ஊராட்சி ஒன்றை நான் அறிவேன். கேட்ட தொகை வருடத்துக்கு வருடம் மாறியது. தலைவர் மாறியதும் தொகையும் மாறியது. அந்தத் தொழில்முனைவர் என்னிடமே வந்து, "ஐயா, வரி கட்டுகிறேன், ஆனால் எந்தக் கணக்கில் இந்தத் தொகை வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்" என்று கெஞ்சினார். எழுதித் தர அவர்களிடம் கணக்கு இருந்தால்தானே? மதிப்பு இல்லாத இடத்தில் ஒரு பக்கம் பெரிய நிறுவனம் ஒன்றும் கட்டாமல் போகிறது, மறு பக்கம் சிறிய நிறுவனம் மிரட்டப்படுகிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு, அதை மதிக்கிறேன். மின் நிறுவனத்தின் மேல் போடும் வரி கடைசியில் மின் கட்டணமாகத்தான் மக்கள் தலையில் விழும்; ஒழுங்குமுறை ஆணையம் அதைச் செலவாக அனுமதித்துவிடும்; ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுப்பதற்கு எதற்கு இத்தனை பாடு என்பார்கள். விழட்டும். அப்படி விழுந்தால் அந்தப் பாதையால் பயன் பெறும் எல்லோர் தலையிலும் சிறு சிறு துளியாக விழும். ஓசூர்த் தொழிற்சாலையும் சென்னை அடுக்குமாடியும் அதில் பங்கு போடும். இன்றைய நிலையில் அந்தப் பாரம் முழுவதும் கோபுரம் நிற்கும் ஊர்களின் மேல் மட்டும், வராத வருமானமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. கிழிந்த சாலையும் எரியாத தெருவிளக்குமாக அதை அந்த ஊர்க்காரர்கள் கட்டுகிறார்கள்.

நான் கேட்பது புது வரி அல்ல. ஒழுங்குமுறை ஆணையங்களிடம் தாக்கல் செய்யப்படும் சொத்து மதிப்பை மாவட்டம், ஊராட்சி வாரியாகப் பிரித்துத் தரும் கடமையை நிறுவனங்களுக்கு விதிக்க வேண்டும். அதைச் சரிபார்த்து ஆண்டுதோறும் வெளியிட மாநிலத்தில் ஒரு மதிப்பீட்டு அமைப்பு வேண்டும். பாதையின் நீளம், நிலையத்தின் செலவு ஆகியவற்றை வைத்து ஊராட்சிகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டும். நிறுவனமும் ஊராட்சியும் மேல்முறையீடு செய்ய ஒரே இடம் வேண்டும். விகிதம் எவ்வளவு என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும், குறைவாகவே வைக்கட்டும். அரசியலமைப்பின் 243எச் பிரிவு ஊராட்சிகளுக்கு வரி அதிகாரம் கொடுக்கும் பொறுப்பைச் சட்டமன்றத்திடம்தான் விட்டிருக்கிறது. 243ஐ பிரிவின்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் மாநில நிதிக்குழுவும் இதை எடுத்துப் பரிந்துரைக்கலாம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தங்கை மகனிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தை வாங்கி, ஊராட்சி எல்லைக்குள் எந்த எந்தப் புல எண்களில் மின் கோபுரம் நிற்கிறது, கம்பி எத்தனை மீட்டர் கடக்கிறது, குழாய் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது, கைப்பேசிக் கோபுரம் எவருடைய இடத்தில் எந்த ஆண்டு முதல் இருக்கிறது என்று ஒரு தனிப் பதிவேடு திறக்கச் சொன்னேன். வரி விதிக்க அதிகாரம் உண்டா இல்லையா என்பது பிறகு. சொத்து இருக்கிறது என்று எழுதி வைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி வந்துவிட்டாலும், கிராம சபை கூடத்தான் செய்கிறது. அந்தப் பதிவேட்டைக் கிராம சபையில் வாசித்து, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்குத் தீர்மானமாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்போது பணியில் இருக்கும் செயலர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊராட்சியில் துணை மின் நிலையத்துக்கோ கோபுரத்துக்கோ வரி விதித்திருந்தால், எந்த விதியைக் காட்டி, எந்த அளவை வைத்து விதித்தீர்கள், நிறுவனம் கட்டியதா, மறுத்து என்ன எழுதியது என்று எனக்குத் தெரிவியுங்கள். ஊராட்சியின் பெயரை நான் வெளியில் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக்கி, எங்கள் பக்கத்துத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்ப வேண்டும்.